நாமக்கல்லில் ஒரு பட்டை!

நாமக்கல் போய்விட்டு வந்தவர்களிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பக்தர்கள் ஆஞ்சநேயர் என்பார்கள். சாப்பாட்டு ராமன்கள் முட்டை என்பார்கள். வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விடுவார்கள். அவர்கள் பார்த்தது பில்!

நான் பார்த்தது பட்டை.

நாமத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஊரில் பட்டையா என்று சண்டைக்கு வராதீர்கள். இது நெற்றியில் போடுகிற பட்டை இல்லை. வண்டிக்கு அடியில் போடுகிற பட்டை. லாரியோ பிக்-அப்போ, பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து பார்த்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக, நீளம் குறைந்துகொண்டே போகிற இரும்புப் பட்டைகளின் அடுக்கு தெரியும். இன்ஜினீயர்கள் அதை லீஃப் ஸ்பிரிங் என்பார்கள். பட்டறையில் போய் அப்படிச் சொன்னீர்களானால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள். "பட்டைங்களா?" என்று அவர்களே திருத்துவார்கள்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1996 கடைசி வரை சேலம் மாவட்டத்தில் அடக்கம். 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டம். ஊர் நடுவே 65 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைப் பாறை, தலையில் கோட்டையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. பாறையைக் குடைந்த கோயிலில் நரசிம்மர். அவரைப் பார்த்தபடி, சற்றுத் தள்ளி, 18 அடி உயரத்தில் ஆஞ்சநேயர். தலைக்கு மேல் கூரை கிடையாது. லாரியை நம்பிப் பிழைக்கிற ஊருக்கு, வெயிலிலும் மழையிலும் நிற்கிற சாமி பொருத்தம்தானே!

ஊரைச் சுற்றி ஓடுகிற சாலைகளில் பட்டறையோ பட்டறை. பாடி கட்டுகிறவர் தனி. பெயின்ட் அடிப்பவர் தனி. பின்பக்கம் 'ஒலி எழுப்பு' எழுதுகிற ஓவியர் தனி. டயர், ரேடியேட்டர், லேத், டேங்கர் வெல்டிங்... சென்னையில் காதுக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர் என்று போர்டு தொங்குகிற மாதிரி, இங்கே வண்டிக்கு. பட்டைக்காரர்தான் மூட்டு டாக்டர். எக்ஸ்-ரே கேட்க மாட்டார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே போதும், வியாதியைச் சொல்லிவிடுவார்.

2024 வைகாசியில் நான் அங்கே போய் இரண்டு நாள் உட்கார்ந்ததற்குக் காரணம் என் மச்சான். அத்தை மகன். சேந்தமங்கலத்துக்காரன். கொல்லிமலையிலிருந்து பலா, வாழை, அன்னாசி, மிளகு என்று எது கிடைத்தாலும் கீழே இறக்கி விற்கிறவர்களுக்கு வாடகை ஓட்டுகிறான். அவனிடம் இருப்பது 2002 மாடல் பிக்-அப். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அந்த மாடலே இப்போது வருவதில்லை. அதற்கு ஒரிஜினல் பட்டை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர், "போன வருஷமே வந்திருந்தீங்கன்னா ஒண்ணு கெடந்துச்சுங்க" என்றார். ஒன்று! நமக்கு வேண்டியது இரண்டு.

அந்த 'ஒன்று, இரண்டு' விவகாரம்தான் இந்தக் கட்டுரையே.

வண்டிக்கு வந்த நோய் இது: லோடு ஏற்றினால் வலது பக்கம் சாய்ந்து நிற்கும், வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்ட பெரியவர் மாதிரி. ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை வலது பக்கம் பிடித்தால்தான் நேரே போகும். பின்னால் இடது பக்கத்திலிருந்து 'டொக்... டொக்' என்று யாரோ கதவைத் தட்டுகிற சத்தம். இதோடு எஃப்.சி.க்கு மூன்று வாரம்தான் இருந்தது. 8 வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை வண்டியென்றால் வருஷா வருஷம் எஃப்.சி. எடுத்தாக வேண்டும். அது தவறினால் பலாப்பழ சீசன் போச்சு. பலாப்பழ சீசன் போனால் பள்ளிக்கூடம் திறக்கும்போது மூன்று பிள்ளைகளுக்கும் ஃபீஸ் கட்ட முடியாது. மச்சான் இதைச் சொல்லவில்லை. அத்தை சொன்னாள்.

முந்தைய வருஷம் மலைச்சாலையில் இடது பக்கத்து மெயின் பட்டை முறிந்திருக்கிறது. அவசரத்துக்கு, வழியில் இருந்த யாரோ ஒருவர், வேறு ஏதோ வண்டியின் பட்டையை அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் மாட்டி அனுப்பிவிட்டார். மாட்டியவர் பெயர் வேண்டாம். ஆனால் அவர் போட்டது பட்டையோடு நாமமும் என்று நாமக்கல்லில்தான் தெரிந்தது!

மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். காக்கி அரை டிராயர், மூக்குக் கண்ணாடி, காதில் சாக்பீஸ். கண்ணாடியும் சாக்பீஸும் இருந்ததால் பார்க்கக் கணக்கு வாத்தியார் மாதிரியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அது தோற்றம் மட்டுமல்ல என்று புரிந்தது.

வண்டியைச் சுற்றி ஒரு நடை. பிறகு டேப்பை எடுத்து முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடு வரைக்கும் அளந்தார். வலது பக்கம் ஒரு கணக்கு. இடது பக்கம் 12 மி.மீ. குறைவு.

"ஏனுங் தம்பி, உங்க வண்டி நண்டு மாதிரி நடக்குதுங்க" என்றார் மச்சானிடம்.

காரணத்தைத் தரையில் சாக்பீஸால் படம் போட்டார். பட்டை அடுக்கின் நடுவே ஒரு போல்ட் ஓடுகிறது: சென்டர் போல்ட். அதன் தலை கீழே இருக்கிற ஆக்சிலில் ஒரு குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தலைதான் ஆக்சில் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று தீர்மானிக்கிற முளைக்குச்சி. பட்டையின் முன்கண்ணிலிருந்து இந்தப் போல்ட் வரை உள்ள தூரம் வண்டிக்கு வண்டி மாறும். இடது பக்கத்தில் மாட்டிய பட்டைக்கு அந்தத் தூரம் 12 மி.மீ. குறைச்சல். ஆகவே ஆக்சிலின் இடது முனை முன்னால், வலது முனை பின்னால். பின்சக்கரங்கள் இரண்டும் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பாவம், டிரைவர் மட்டும் நேரே பார்க்கிறார்.

அடுத்தது விறைப்பு. இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. மேஸ்திரி தரையில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் வலது, அந்தப் பக்கம் இடது என்று எழுதினார். டெபிட், கிரெடிட்! பன்னிரண்டு வருஷமாகக் கணக்கெழுதாமல் இருந்த கை நமநமவென்றது.

வலது பக்கம் கம்பெனிப் பட்டை: 7 பட்டை, ஒவ்வொன்றும் 7 மி.மீ. கனம், கண்ணுக்குக் கண் நீளம் 1200 மி.மீ.

இடது பக்கம் வந்தேறி: 5 பட்டை, ஒவ்வொன்றும் 8 மி.மீ., நீளம் 1150 மி.மீ. அகலம் இரண்டுக்கும் 60 மி.மீ.தான்.

"ஏழு பேர் தூக்கற பக்கந்தானே பலம்? அஞ்சு பேர் பக்கந்தானே இறங்கோணும்? இது ஏன் தலைகீழா வலது பக்கம் இறங்குது?" என்று மச்சான் கேட்டான். நியாயமான கேள்வி. எந்த ஆபீஸிலும் ஐந்து பேர் செக்‌ஷனைவிட ஏழு பேர் செக்‌ஷனுக்குத்தான் அதிக ஃபைல் அனுப்புவார்கள்.

மேஸ்திரி சிரித்தார். தமிழில் கனம் என்றால் தடிமன். கணக்கு வாத்தியாருக்குக் கனம் என்றால் ஒரு எண்ணை அதே எண்ணால் இன்னும் இரண்டு தடவை பெருக்குவது. பட்டை விஷயத்தில் இரண்டு கனமும் ஒன்று! தடிமன் எவ்வளவோ, அதன் மும்மடிக்குத் தக்கபடிதான் விறைப்பு. 7-ஐ மூன்று தடவை போட்டுப் பெருக்கினால் 343. 8-ஐ அப்படிப் பெருக்கினால் 512. ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடியதற்கு விறைப்பு ஏறக்குறைய 50 சதவீதம் ஏறிவிட்டது. எந்த வட்டிக்கடைக்காரரும் இவ்வளவு போட மாட்டார்.

இப்போது வலது: ஏழு முறை 343, மொத்தம் 2401. இடது: ஐந்து முறை 512, மொத்தம் 2560. ஐந்து பேர் ஏழு பேரை ஜெயித்தாயிற்று. அதற்கு மேல் நீளம் ஒன்று இருக்கிறது. பட்டை நீளமாக இருந்தால் தொய்வு, குட்டையானால் விறைப்பு. அதுவும் மும்மடிக் கணக்குதான். வெறும் 50 மி.மீ. குட்டை என்று நினைத்தோம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இடது பக்கம் வலதைவிட 21 சதவீதம் விறைப்பு. லோடு ஏறியதும் இடது பக்கம் நிமிர்ந்து நிற்கிறது, வலது பக்கம் உட்கார்ந்துவிடுகிறது.

இந்த ஊருக்கு மும்மடிக் கணக்கு ஒன்றும் புதிதில்லை. கணித மேதை ராமானுஜனின் குலதெய்வம் இந்த ஊர் நாமகிரித் தாயார்தான். இங்கிலாந்தில் ஹார்டி வந்த டாக்ஸி நம்பர் 1729 என்றதும், இரண்டு மும்மடிகளின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று சொன்னாரே, ஞாபகமிருக்கிறதா? அதில் ஒரு விதம் 10-ன் மும்மடியும் 9-ன் மும்மடியும். அதாவது 10 மி.மீ. பட்டை ஒன்று, 9 மி.மீ. பட்டை ஒன்று! மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "அந்த டாக்ஸிக்குப் பட்டை எத்தனைங்க?" என்று கேட்டார்.

மலையில் இந்தச் சாய்வு என்ன செய்யும் என்று மச்சான் சொல்லித் தெரிந்துகொண்டேன். வண்டி இடது பக்கம் திரும்பினால் பாடி வலது பக்கம் சாயும். ஏற்கெனவே வலது பக்கம் சாய்ந்து நிற்கிற வண்டி இன்னும் சாயும். வலது பக்கம் திரும்பினால் சாய்வு ஓரளவு சரியாகிவிடும். ஒரு வளைவில் புலி, அடுத்த வளைவில் பூனை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்குப் பாதி இடது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலாப்பழத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு 35 தடவை புலி!

"வேற வண்டிப் பட்டையே போடக் கூடாதா மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"யாருங்க சொன்னது? தாராளமாப் போடலாமுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போடோணும். அளந்து போடோணும். அவ்வளவுதானுங்க. இந்த ஊர்ல ஓடற பழைய வண்டியெல்லாம் கம்பெனிப் பட்டையிலதான் ஓடுதுன்னு நெனச்சீங்களா?"

பிறகு ஆரம்பித்தது வேட்டை. வண்டி உடைக்கிற ஒரு யார்டில், மச்சான் பட்டைக் குவியலுக்குள் இறங்கி அரை நாள் தேடினான். மேஸ்திரியின் உத்தரவு: ஒரே வண்டியிலிருந்து கழற்றின ஜோடியாக இருக்க வேண்டும், அகலம் 60 மி.மீ.; அதற்கு மேல் கொண்டுவந்தால் ஹேங்கருக்குள் நுழையாது. கடைசியில் கிடைத்தது. 5 பட்டை, 8 மி.மீ. கனம்.

"மறுபடியும் அஞ்சுக்கு எட்டா?" என்று நான் பதறினேன்.

"நீளத்தைப் பாருங்க தம்பி."

நீளம் 1220 மி.மீ. கால்குலேட்டரைத் தட்டினேன். ஒரிஜினலைவிட விறைப்பு ஒன்றரை சதவீதம்தான் அதிகம்! அதே ஐந்து, அதே எட்டு. 7 சென்டிமீட்டர் நீளத்தில் வில்லன் ஹீரோவாகிவிட்டான். முன்கண்ணிலிருந்து சென்டர் போல்ட் வரை அளந்தார். ஒரிஜினலுக்குச் சரியாக இருந்தது. 20 மி.மீ. நீளம் கூடினதால் பின்னால் தொங்குகிற ஷாக்கிள் இன்னும் கொஞ்சம் பின்னால் சாயும். அது எங்கேயும் இடிக்காமல் ஆடுமா என்பதையும் பார்த்துக்கொண்டார். லோடு ஏறினால் வளைந்திருக்கிற பட்டை நிமிரும், நிமிர்ந்தால் நீளும், நீள்வதற்கு இடம் கொடுப்பதுதான் ஷாக்கிளின் வேலை. அதற்கு இடமில்லை என்றால் பட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கட்டைதான்.

பழைய பட்டையை அப்படியே நம்பிவிடவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி பூசி வெயிலில் வைத்தார். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழை மாதிரி கோடு காட்டிக் கொடுத்துவிடுமாம். கோடு விழவில்லை. கண்ணுக்குக் கண் நூல் பிடித்து, நடுவில் எவ்வளவு வளைவு என்று இரண்டையும் ஒப்பிட்டார். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். "போதுமுங்க, பொண்ணு மாப்பிள்ளைப் பொருத்தத்துக்கே இவ்வளவு பாக்க மாட்டாங்க."

இதற்கு நடுவே பட்டறையில் இன்னொரு ஜோலி நடந்தது. ஒரு பையன், பட்டை அடுக்கைப் பிடிப்புப் போடாமல் சென்டர் போல்ட்டைக் கழற்றப் போனான். மேஸ்திரி போட்ட கத்தலில் எதிர் டீக்கடையில் கிளாஸ் விழுந்தது. பட்டைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு வளைவு. போல்ட்தான் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து அடக்கி வைத்திருக்கிறது. சி-கிளாம்ப் போட்டுக் கவ்வாமல் போல்ட்டை எடுத்தால் மேல்பட்டை துள்ளும். முகமோ விரலோ, எது பக்கத்தில் இருக்கிறதோ அது போகும். மேஸ்திரியின் இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. நான் கேட்கவில்லை.

பட்டை கிடைத்துவிட்டது, மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். "பட்டை கெடைக்கறது கால் வேலைங்க. முக்கால் வேலை புஷ்ல இருக்குது" என்றார்.

பட்டையின் இரு முனையும் சுருண்டு கண் மாதிரி இருக்குமல்லவா? அந்தக் கண்ணுக்குள் ரப்பர் புஷ். புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழாய். குழாய் வழியே போல்ட் நுழைந்து வண்டியின் ஹேங்கரில் கவ்வுகிறது. 'டொக் டொக்' கச்சேரியின் வித்வான் இங்கேதான் உட்கார்ந்திருந்தார். முன்பு மாட்டிய பட்டைக்குக் கண் பெரிசு. நம் வண்டியின் புஷ்ஷோ சின்னது. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளிக்கு அந்தப் புண்ணியவான் தகரத்தை வெட்டிச் சுற்றி அடித்திருந்தார். தகரம் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, கழற்றும்போது புஷ் தேங்காய்த் துருவலாக வந்தது.

அப்போதுதான் புஷ்ஷின் சூட்சுமத்தை மேஸ்திரி விளக்கினார். ரப்பர் புஷ் சுற்றுகிற சாமான் இல்லை, முறுக்கிக்கொள்கிற சாமான். வெளிவட்டம் கண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே இருக்கிற குழாயை ஹேங்கர் இரண்டு கன்னத்தாலும் கவ்விக்கொள்ளும். பட்டை ஏறி இறங்கும்போது நடுவில் இருக்கிற ரப்பர் மட்டும் முறுக்கி, முறுக்கி, பழைய நிலைக்கு வரும். அதற்குத்தான் குழாயை ரப்பரைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமாக வைத்திருக்கிறார்கள். குழாய் குட்டையாகிவிட்டால் ஹேங்கர் ரப்பரைக் கவ்வும். பிறகு ரப்பர் முறுக்காது, தேயும்.

புதுப் பட்டைக்கு எந்த புஷ்? வெளி அளவு பட்டையின் கண்ணுக்குச் சேர வேண்டும். உள் அளவு நம் வண்டியின் போல்ட்டுக்குச் சேர வேண்டும். மாமியார் வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவில் மருமகள் மாதிரி. கண்ணுக்குச் சேருகிற புஷ் கடையில் கிடைத்தது. அதன் குழாயில் துளை 16 மி.மீ.; நம் போல்ட் 14. தகரக்காரர் இருந்திருந்தால் மறுபடி தகரம் தேடியிருப்பார். மேஸ்திரி பக்கத்து லேத் பட்டறைக்கு ஆள் அனுப்பினார். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் நான்கு இரும்பு ஸ்லீவ், வெர்னியரில் அளந்து கடைந்து வந்தன. பட்டைக் கண்களுக்கு இந்த நாலு. ஷாக்கிளின் மேல்முனை வண்டியின் சேஸில் மாட்டுகிற இடத்துக்கு வண்டிக்குரிய சொந்த புஷ் இரண்டு. ஆக மொத்தம் ஆறு.

புஷ்ஷை வைஸில் வைத்து அழுத்தி ஏற்றும்போது வழுக்கட்டும் என்று கிளீனர் பையன் பழைய இன்ஜின் ஆயிலை டப்பாவோடு கொண்டு வந்தான். இரண்டாவது கத்தல். ஆயில் பட்ட ரப்பர் ஊதிப்போய் மெத்தென்று ஆகிவிடும். சோப்புத் தண்ணீர்தான். வேலை முடிந்ததும் அது காய்ந்துவிடும், ரப்பர் கவ்விக்கொள்ளும். கன்மெட்டல் புஷ்ஷுக்கு கிரீஸ் அடித்தே தீர வேண்டும். ரப்பர் புஷ்ஷுக்கு அடிக்கவே கூடாது. நம் ஊரில் கிரீஸ் கன் வைத்திருப்பவர்களுக்கு இந்த பேதமெல்லாம் கிடையாது. துவாரம் தெரிந்தால் அடிப்பார்கள்.

மாட்டியாயிற்று. போல்ட்டுகளைக் கையால் திருகினதோடு விட்டுவிட்டு, ஜாக்கியை இறக்கி வண்டியை நாலு சக்கரத்தில் நிறுத்தி, ஆட்டி, அதற்குப் பிறகுதான் ஸ்பேனரை எடுத்து முறுக்கினார். ஏன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் அந்த நிலையைத்தான் வீடு என்று நினைத்துக்கொள்ளும். வண்டி தரையில் நின்றதும் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருக்கும். சீக்கிரமே கிழிந்துபோகும். இந்த ஒரு காரியத்தில் அவசரப்பட்டு புஷ்ஷுக்கு புஷ் வாங்குகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். யூ போல்ட் நாலும் புதுசு. பழசு ஒரு தடவை இழுபட்டு நீண்டது, மறுபடி பிடிக்காது என்று தூக்கிப் போட்டார். டேப் வைத்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

அப்போதுதான் மச்சான் மெதுவாக ஆரம்பித்தான்.

"மேஸ்திரி... ரெண்டு பக்கமும் இன்னொரு பட்டை சேத்துப் போட்டுடலாமுங்களா? சீசன் டைமு. ஒரு நடைக்கு இன்னும் முந்நூறு, நானூறு கிலோ ஏத்திக்கலாம்."

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "போடலாமுங்க. இருபது சதவீதம் விறைப்பு கூடும். வண்டி சாயாது, உக்காராது. ஆக்சில் அதேதான? வீல் பேரிங் அதேதான? பிரேக்கு?"

மச்சான் பேசவில்லை.

"பட்டை இறங்கறது எதுக்குன்னு நெனக்கறீங்க? போதும்னு சொல்றதுக்கு. அதோட வாயைக் கட்டிப்போட்டா வண்டி சொல்றதை நிறுத்திக்கும். எடை அப்படியேதான் இருக்கும். அறுபதாவது வளைவுல பிரேக் சூடேறிப் போய் மிதி கீழ போச்சுன்னா..."

சில பிக்-அப்களில் பின்சக்கரத்து பிரேக்குக்கு ஒரு வால்வு உண்டு. ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைத்திருப்பார்கள். வண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, அவ்வளவு லோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் கூட்டும். பட்டையைச் சேர்த்து வண்டியைத் தூக்கிவிட்டால், லோடே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் குறையும். மச்சானின் வண்டியில் அந்தக் கம்பி இருந்தது. மேஸ்திரி குனிந்து அதையும் சரிபார்த்தார். அப்புறமும் மச்சான் ஒரு தடவை கேட்டான், கெஞ்சலாக. "வேற பட்டறையில போட்டுக்கங்க. என்ற கையால போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். ரொம்ப நேரம் வரவில்லை.

மச்சானைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடைக்கு நானூறு கிலோ என்றால் சீசனுக்கு எவ்வளவு என்று எனக்கும் கணக்குப் போடத் தெரியும். போட்டேன். சொல்லவில்லை.

பில்: பட்டை ஜோடி 7,000, புஷ் ஆறு 900, யூ போல்ட் 1,000, லேத் 600, கூலி 2,500. மொத்தம் ரூ.12,000. மச்சான் எண்ணிக் கொடுக்கும்போது நான் ஆஞ்சநேயர் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியற்காலை மலைக்குக் கிளம்பினோம். சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில் அடிவாரம். அங்கேயிருந்து வளைவுகளுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு ஏறுவது முதல் இருபது வரைதான் உற்சாகம். அதற்கப்புறம் வயிறு எண்ண ஆரம்பித்துவிடும். காலி வண்டி, பின்பக்கம் கொஞ்சம் துள்ளியது. ஆனால் 'டொக்' இல்லை. ஸ்டீயரிங் நடுவில் நின்றது. 70 முடிந்து சோளக்காடு சந்தைக்குப் போனபோது காற்று ஜில்லென்று வீசியது. பலாப்பழ வாசனை காற்றைவிட முன்னால் வந்தது.

செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தவர் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடின வள்ளல். வில்லை எவ்வளவு வளைக்கலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்தவர். கீழே வண்டிக்கடியில் ஐந்து பட்டை வில் இரண்டு. மச்சான் சிலைக்கு ஒரு கும்பிடு போட்டான். எதற்கு என்று கேட்டேன். "நம்மாளு" என்றான்.

லோடு ஏற்றும்போது நான் பின்னால் நின்று பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழம் ஏற ஏற வளைவு நிமிர்ந்தது. ஷாக்கிள் மெல்லப் பின்னால் போனது. இரண்டு பக்கமும் ஒரே உயரம். வியாபாரி இன்னும் பதினைந்து பழத்தைக் காட்டி, "இதையும் போட்டுக்கப்பா" என்றார். மச்சான் பட்டையைக் குனிந்து பார்த்தான். "அடுத்த நடைக்கு வரேனுங்க" என்றான். வியாபாரி முகம் சுருங்கியது. வாடகையில் பிடித்துக்கொண்டார்.

இறக்கம். இரண்டாவது கியரிலிருந்து மாற்றவே இல்லை. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை டிரைவர்களின் பழைய சட்டம். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். இடது வளைவு, வலது வளைவு, இரண்டிலும் வண்டி ஒரே அளவுதான் சாய்ந்தது. நாற்பத்தி சொச்சம் வளைவில் எதிரே அரசு பஸ் ஏறி வர, மச்சான் ஓரம் கட்டினான். இடது சக்கரங்கள் மண்ணில் இறங்கி ஏறின. பின்னால் பழங்கள் ஒரு தடவை உருண்டு அடங்கின. அவன் ஒன்றும் சொல்லவில்லை. காரவள்ளியில் டீ குடிக்கும்போதுதான், "போன மாசம் அதே எடத்துல, இதே மாதிரி பஸ்ஸு. வலது பக்க டயர் கொஞ்சம் தூக்குச்சு மாப்ளே" என்றான். வீட்டில் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான்.

சாயங்காலம் பட்டறைக்குப் போனோம். லோடோடு ஓடி வந்தபின் யூ போல்ட் நட்டை இன்னொரு தடவை முறுக்கித்தான் அனுப்புவேன் என்று மேஸ்திரி முன்பே சொல்லியிருந்தார். எட்டு நட்டில் ஐந்து அசையவில்லை. மூன்று கால் சுற்று போனது. சாக்பீஸால் நட்டின்மேல் ஒரு கோடு, பக்கத்துத் தட்டில் ஒரு கோடு. கோடு விலகினால் வந்து காட்டு என்றார். எஃப்.சி. அடுத்த வாரமே கிடைத்தது.

கழற்றிப் போட்ட அந்த ஒற்றை இடது பட்டை மூலையில் கிடந்தது. அதை என்ன செய்வது என்று கேட்டேன். "கொல்லுப் பட்டறையில குடுங்க. பலா வெட்ட நல்ல கத்தி வரும். பட்டை இரும்புல அடிச்ச அருவா மொக்கை ஆகாது" என்றார். மச்சான் அதைத் தூக்கி வண்டியில் போட்டான். ஐந்து பட்டையில் நாலு அரிவாள் வந்தது. மெயின் பட்டை மட்டும் கண் இருக்கிற இடத்தில் வெடித்திருந்ததாம், கொல்லர் எடுக்கவில்லை. ஒரு அரிவாளை எனக்குக் கொடுத்தான். பஸ்ஸில் அதை எப்படிச் சென்னைக்குக் கொண்டுபோவது என்று முழித்துவிட்டு, அத்தையிடமே விட்டுவிட்டு வந்தேன்.